கரும்பைன், ஐந்திலைப் பைன் போன்சாய்: இந்த ஜூனில் குருத்தை வெட்டலாமா?

ஊசியிலை

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாக ஜப்பானின் சைதாமா நகரில் வசிக்கிறேன். 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை விட்டு வெளியேறிய போன்சாய்த் தோட்டக்காரர்கள் 1925இல் உருவாக்கிய ஓமியா போன்சாய்க் கிராமம் என் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி சென்று பைன் மரங்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வளர்ந்து, இப்போது என்னிடம் இரண்டு மரங்கள் இருக்கின்றன. ஒன்று குரோமட்சு எனப்படும் கரும்பைன். ஏறத்தாழ 45 செ.மீ. உயரம், கையளவு பருமனுள்ள அடிமரம். மற்றொன்று கோயோமட்சு எனப்படும் ஐந்திலைப் பைன். அதைவிடச் சிறியது, கரும்பைன் வேரில் ஒட்டுக்கட்டப்பட்டது.

கரும்பைனின் ஊசியிலைகள் 12 செ.மீ. வரை நீண்டிருக்கின்றன. அருங்காட்சியகத்தில் உள்ள மரங்களிலோ இலைகள் அதில் பாதிகூட இல்லை. ஜூன், ஜூலை மாதங்களில் வசந்தக் குருத்துகளை வெட்டிவிட்டால் இலை குட்டையாகும் என்று படித்தேன். கரும்பைனுக்குக் கடந்த மார்ச்சில் தொட்டி மாற்றப்பட்டது. இரண்டு மரங்களிலும் இந்த மாதமே குருத்தை வெட்டலாமா? உரத்தை எப்போது நிறுத்த வேண்டும்?

செம்புக்கம்பி

வணக்கம். தெளிவாகக் கேட்டிருக்கிறீர்கள்; குறிப்பாகத் தொட்டி மாற்றிய மாதத்தைச் சொன்னது மிகவும் நல்லது, ஏனெனில் பதில் அதில்தான் தொடங்குகிறது. இந்த ஆண்டு இரண்டு மரங்களிலும் குருத்தை வெட்டாதீர்கள். ஆனால் காரணங்கள் இரண்டும் வெவ்வேறு.

ஐந்திலைப் பைன் ஆண்டுக்கு ஒருமுறைதான் தளிர்க்கும். வசந்தத்தில் விடும் குருத்தை ஜூனில் அடியோடு வெட்டினால் அதே ஆண்டில் நம்பத்தக்க இரண்டாவது தளிர் வராது. மரம் அந்த ஆண்டின் இலைகளை இழந்து நிற்கும், பலவீனமான கிளைகள் காய்ந்தும் போகலாம். கரும்பைனும் செம்பைனும் அப்படியல்ல. இவை வலுவாக இருக்கும்போது வசந்தக் குருத்தை இழந்தால், வெட்டிய இடத்தைச் சுற்றிப் புதிய மொட்டுகளை விட்டு, கோடையிலேயே இரண்டாம் தளிரை வளர்த்துக்கொள்ளும். அந்தத் தளிருக்கு வளரக் கிடைக்கும் காலம் குறைவு என்பதால் இலைகளும் குட்டையாக நின்றுவிடும். அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்த குட்டை இலைகள் அப்படி வந்தவை.

உங்கள் கரும்பைன் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், மார்ச்சில் வேர் வெட்டுப்பட்ட மரம் அது. இப்போது புது வேர் விடும் வேலையில் இருக்கிறது. மேலே குருத்தையும் எடுத்துவிட்டால், சேமித்து வைத்திருக்கும் சக்தியை இரண்டு பக்கமும் செலவழிக்க நேரும். தொட்டி மாற்றிய ஆண்டில் குருத்து வெட்டு இல்லை என்பதை நான் விதிவிலக்கின்றிக் கடைப்பிடிக்கிறேன். 12 செ.மீ. இலை இந்த ஆண்டு அப்படியே இருக்கட்டும்; அந்த நீண்ட இலைகள்தான் அடுத்த ஆண்டு வெட்டுக்குத் தேவையான பலத்தைச் சேர்த்துத் தரப்போகின்றன.

வேர்மண்

செம்புக்கம்பி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். அடுத்த ஆண்டு ஜூனில் இந்தக் கேள்வி மீண்டும் எழும் என்பதால், குருத்து வெட்டைப் பற்றி இப்போதே விரிவாக எழுதிவைக்கிறேன்.

இதைப் பலர் இலையைக் குட்டையாக்கும் உத்தியாக மட்டுமே பார்க்கிறார்கள். என் பார்வையில் அது இரண்டாம் பட்சமான பயன். பைன் தன் பலத்தை உச்சிக்கும் கிளை நுனிகளுக்கும் கொடுத்துவிட்டு, கீழ்க்கிளைகளையும் உட்கிளைகளையும் மெல்ல மெல்லக் கைவிடும் இயல்புடையது. காட்டில் அது சரி. தொட்டியில் கீழ்க்கிளை போனால் மரத்தின் வடிவமே போய்விடும். போன பிறகு திரும்பப் பெறுவதும் கடினம், ஏனென்றால் பைன் புதுமொட்டு விடுவது பெரும்பாலும் இலை இருக்கும் இடத்தில்தான். ஒவ்வொரு இலைச் சோடியின் அடியிலும் உறங்கும் மொட்டுக்கான வாய்ப்பு இருக்கிறது. இலை முழுவதும் உதிர்ந்து மொட்டையான பழைய கிளையில் அது அரிது. ஆகவே குருத்தை வெட்டுவது, இலையைப் பறிப்பது, மொட்டைத் தேர்ந்தெடுப்பது, உரமிடுவது ஆகிய எல்லா வேலைகளும் மேலே குவியும் பலத்தைக் கீழேயும் உள்ளேயும் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவே செய்யப்படுகின்றன.

அந்த நோக்கம் பிடிபட்டால் வெட்டும் முறை தானாகவே விளங்கும். மரத்தில் எங்கே குருத்து நீண்டு தடித்திருக்கிறது, எங்கே குட்டையாக மெலிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மெலிந்த குருத்துகளை முதலில் வெட்டிவிட்டு, ஏழு முதல் பத்து நாள் கழித்து வலுத்த குருத்துகளை வெட்டுவது பரவலான முறை. முதலில் வெட்டப்பட்டவை முந்திக்கொண்டு மொட்டு விடுவதால் பலவீனமான கிளைக்குக் கூடுதல் நாட்கள் கிடைக்கும். மிகவும் நலிந்த உட்குருத்துகளை வெட்டாமலே விட்டுவிட வேண்டும். வெட்டும் இடம் புதுக்குருத்தின் அடி, அதாவது சென்ற ஆண்டு இலைகளுக்குச் சற்று மேலே. கத்தரி சாய்ந்துவிடாமல் நேர்க்குறுக்காக வெட்டினால் சுற்றிலும் மொட்டுகள் சீராக வரும். அதே சமயத்தில் பழைய இலைகளிலும் கொஞ்சம் குறைக்கலாம்: உச்சியில் ஐந்தாறு சோடி, நடுவில் ஏழெட்டு, கீழ்க்கிளைகளில் பத்துக்கும் மேல் என்று விட்டால், பலம் இருக்கும் இடத்தில் இலை குறைந்தும் இல்லாத இடத்தில் மிகுந்தும் நிற்கும்.

எந்த நாளில் வெட்டுவது என்பது மரத்தின் அளவையும் ஊரின் கோடையையும் பொறுத்தது. இரண்டாம் தளிர் முற்றி இலை கெட்டியாவதற்குக் குளிருக்கு முன் ஏறத்தாழ 100 நாள் வேண்டும். சைதாமா, டோக்கியோ பகுதியில் பெரிய மரங்களுக்கு ஜூன் நடுவிலிருந்து வெட்டுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறு மரங்களுக்கு இலை இன்னும் குட்டையாக வேண்டுமென்பதால் ஜூலைத் தொடக்கம் வரை காத்திருப்பார்கள். உங்கள் 45 செ.மீ. மரத்துக்கு ஜூன் கடைசி வாரம் பொருத்தமாக இருக்கும்.

வடபனி

நான் கனடாவின் டொரொண்டோவில் கரும்பைன் வளர்க்கிறேன். வேர்மண் சொன்ன கணக்கை இங்கே பின்னோக்கிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. செப்டம்பர் நடுவிலேயே இரவுகள் குளிர்ந்துவிடுவதால், ஜூன் நடுவுக்குப் பின் வெட்டினால் இரண்டாம் தளிர் பிஞ்சாகவே குளிரில் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஜூனின் முதல் பத்து நாட்களுக்குள் வெட்டிவிடுகிறேன். வசந்தம் தாமதமாகி மரம் மந்தமாகத் தெரிந்தால் அந்த ஆண்டு வெட்டுவதே இல்லை. ஜப்பானிய நாட்காட்டியை அப்படியே எடுத்து வேறு நாட்டில் பயன்படுத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு மாற்றுக் கருத்தையும் வைக்கிறேன். வெட்ட முடியாத ஆண்டுகளில், வசந்தத்தில் இலை நீளும் வாரங்களில் தண்ணீரைக் குறைத்து இலையைக் குட்டையாக்கலாம் என்று பழைய முறை ஒன்று உண்டு. ஊசியிலை அவர்கள் இந்த ஆண்டு வெட்டப்போவதில்லை என்பதால் அதை முயலலாம் அல்லவா?

வேர்மண்

வடபனி அவர்களே, இதில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். இலை நீளும்போது தண்ணீரைக் குறைத்தால் இலை குட்டையாகும் என்பது உண்மைதான். ஆனால் எந்த அளவு குறைத்தால் குட்டையாகும், எந்த அளவு குறைத்தால் கிளை காயும் என்பதற்கு இடையே உள்ள எல்லை மிகவும் குறுகியது. தாகத்தை முதலில் உணர்வது வலுத்த உச்சி அல்ல. நலிந்த கீழ்க்கிளைதான் முதலில் பாதிக்கப்படும். எந்தக் கிளையைக் காப்பாற்ற இத்தனை வேலையும் செய்கிறோமோ அதையே பலியிடுவதாக முடியும். அதிலும் வேர் வெட்டுப்பட்ட மரத்தில் இதைச் செய்யவே கூடாது. பல ஆண்டுகள் பழகி, வடிவம் முழுமையடைந்து, கண்காட்சிக்கு நெருங்கிய மரத்தில் கைதேர்ந்தவர் செய்வது வேறு. பொதுவான அறிவுரையாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீண்ட இலைகளைக் கத்தரியால் பாதியாக வெட்டுவதையும் தவிருங்கள். நுனி பழுப்பாகி அந்த ஆண்டு முழுவதும் அப்படியே தெரியும்.

வடபனி

வேர் வெட்டிய மரத்துக்கு அது பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். முதிர்ந்த ஐந்திலைப் பைனில் அளவோடு தண்ணீர் காட்டுவது பயன் தருகிறது என்ற என் கருத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இனம் இயல்பிலேயே உலர்ந்த மண்ணை விரும்புவது.

ஊசியிலை

இருவருக்கும் மிக்க நன்றி. இந்த ஆண்டு வெட்டாமல் விட்டுவிடுகிறேன். அப்படியானால் இந்தக் கோடையிலிருந்து அடுத்த ஜூன் வரை நான் செய்ய வேண்டியது என்ன? இப்போது மழைக்காலம் தொடங்கப்போகிறது. நாள் முழுவதும் மண் ஈரமாகவே இருக்கும் என்பது கவலையாக இருக்கிறது. ஐந்திலைப் பைனில் குருத்தே வெட்டக்கூடாது என்றால் அதன் வளர்ச்சியை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி

ஐந்திலைப் பைனில் வேலை வசந்தத்திலேயே முடிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் குருத்து நீண்டு, இலைகள் இன்னும் பிரியாமல் இருக்கும்போது, வலுத்து முந்தி ஓடும் குருத்துகளை மட்டும் விரல் நுனியால் கிள்ளிக் குறைக்க வேண்டும். அடி வரை எடுக்காமல் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ விட்டுவிட வேண்டும். மெலிந்த குருத்தைத் தொடவே கூடாது. இந்த ஆண்டுக்கு அந்தப் பருவம் கடந்துவிட்டது.

உரத்தில்தான் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கரும்பைனுக்கு மார்ச் கடைசியிலிருந்தே தாராளமாகப் பிண்ணாக்கு உரம் வைத்து வலுவேற்றி, குருத்து வெட்டும் நாளில் அந்த உருண்டைகளை எடுத்துவிட்டு, இரண்டாம் தளிரின் இலை ஓரளவு நின்ற பிறகு, ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ மீண்டும் தொடங்குவார்கள். நீங்கள் இந்த ஆண்டு வெட்டப்போவதில்லை என்பதால் எடுக்க வேண்டிய தேவையில்லை; கடும் வெயில் வாரங்களில் மட்டும் குறைத்துக்கொண்டு இலையுதிர்காலம் வரை தொடருங்கள். ஐந்திலைப் பைனுக்கோ வசந்தத்தில் மிகக் குறைவாக, அல்லது ஒன்றுமே இல்லாமல் விட வேண்டும். அப்போது உரம் மிகுந்தால் அது நேராக இலை நீளத்தில் போய்ச் சேரும், பிறகு அதைத் திருத்த வழியில்லை. இலை முற்றிய பின் இலையுதிர்காலத்தில் நன்றாக ஊட்டுங்கள். அந்த உணவு அடுத்த ஆண்டின் மொட்டுக்கும் கிளையின் பருமனுக்கும் பயன்படும்.

வேர்மண்

மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மண் என் விருப்பத்துக்குரிய பொருள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுத அனுமதியுங்கள்.

மண் சரியாக இருந்தால் மழைக்காலம் பைனுக்குத் தொல்லை தராது. அகடாமா எனப்படும் ஜப்பானியச் சிறுமணிக் களிமண், நுரைக்கல், எரிமலைக்கல் ஆகியவற்றைச் சலித்துப் பொடியை நீக்கிக் கலந்த மண்ணில் ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் வழியும். வழியும்போது மேலிருந்து புதுக்காற்றை உள்ளே இழுக்கும். உங்கள் கரும்பைன் மார்ச்சில்தான் மண் மாற்றப்பட்டது என்பதால் அதில் அச்சமில்லை. ஐந்திலைப் பைனின் மண்ணைத்தான் பாருங்கள். தண்ணீர் மேற்பரப்பில் தேங்கி மெதுவாக இறங்குகிறதென்றால் அகடாமா நொறுங்கிச் சேறாகிக்கொண்டிருக்கிறது. மழை நாட்களில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துச் சாய்த்துவிட்டால் தேங்கும் நீர் வடிந்துவிடும். தொடர்மழையில் அதை மட்டும் கூரையோரத்துக்கு நகர்த்தலாம். ஆனால் வெயில் வரும்போது வெளியே வந்துவிட வேண்டும். நிழலில் வைத்த பைனில் உட்கிளைகள்தான் முதலில் மடியும்.

அடுத்த முறை தொட்டி மாற்றும்போது, மண்ணுக்குள் வெள்ளை நூலாம்படை போன்ற ஒன்றைக் காண்பீர்கள். அதைக் கண்டு நோய் என்று அஞ்சி வேரைக் கழுவிவிடுபவர்கள் உண்டு. அது வேர்ப்பூஞ்சை, பைன் வேரோடு கூடி வாழ்ந்து, தண்ணீரையும் பாஸ்பரசு போன்ற சத்துகளையும் வேருக்குக் கொண்டுவந்து கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்ளும். ஆகவே பழைய மண்ணை ஒரே முறையில் முழுவதும் உதிர்க்கக் கூடாது. ஒரு பாதியின் மண்ணை மட்டும் நீக்கிப் புதுமண் நிரப்பி, மறுபாதியை அடுத்த தொட்டி மாற்றத்துக்கு விட்டுவைப்பது பாதுகாப்பானது. காலம் மார்ச் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, மொட்டுகள் பருக்கத் தொடங்கும் வேளை. இடைவெளி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு.

பழையகிளை

நான் அமெரிக்காவின் மேரிலாந்தில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் வாஷிங்டனில் உள்ள தேசிய மரத்தோட்டத்தின் ஐந்திலைப் பைன் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 1625ஆம் ஆண்டிலிருந்து தொட்டியில் வளர்க்கப்பட்டுவரும் அந்த மரத்தை, ஹிரோஷிமாவின் யமாக்கி குடும்பத்தைச் சேர்ந்த மசாரு யமாக்கி 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கினார். 1945 ஆகஸ்டு 6 அன்று அணுகுண்டு வீசப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் அந்தக் குடும்பத்தின் தோட்டம் இருந்தது. சுற்றுச்சுவரின் மறைவில் இருந்ததால் மரம் தப்பியது. 2001இல் அவருடைய பேரன்மார் நேரில் வந்து சொன்ன பிறகே அங்கிருந்தவர்களுக்கு அந்த வரலாறு தெரியவந்தது.

ஊசியிலை அவர்களின் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அந்த மரத்தின் முன் நிற்கும்போது நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பது கீழ்க்கிளைகளைத்தான். இத்தனை தலைமுறைகள் கைமாறியும், நாடு மாறியும், தாழ்ந்த கிளைகளில் இன்னும் அடர்த்தியாக இலை இருக்கிறது. ஓர் ஆண்டில் எந்தப் பராமரிப்பாளராவது குட்டை இலைக்காக அவசரப்பட்டிருந்தால் அந்தக் கிளைகள் இன்றைக்கு இருந்திருக்காது என்றே நம்புகிறேன். இந்த ஜூனில் வெட்டாமல் விடுவதென்ற உங்கள் முடிவை மனமாரப் பாராட்டுகிறேன்.

மலைத்தோட்டம்

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மலையில் பைன் காடுகள் உள்ளன. நடப்பட்டவை பெரும்பாலும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பட்டுலா பைன். அவற்றின் கன்றுகளைத் தொட்டியில் வளர்த்து, மேலே சொன்ன முறைகளால் இலையைக் குறைக்க முடியுமா? ஊசியிலை அவர்கள் ஊர் திரும்பும்போது தம் மரங்களைக் கொண்டுவர முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

செம்புக்கம்பி

பட்டுலா பைனின் இலைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து, 15 செ.மீ.க்கும் மேல் நீண்டு தொங்குபவை. சிறு தொட்டியில் அந்த இலைக்கும் அடிமரத்துக்கும் அளவு பொருந்தாது. பெரிய தொட்டியில், ஒரு மீட்டருக்குக் குறையாத மரமாக, தொங்கும் இலையின் அழகையே முதன்மையாக வைத்து வளர்த்தால் அதற்கென ஒரு தோற்றம் கிடைக்கும். கரும்பைனின் குருத்து வெட்டு நாட்காட்டியை அதன்மேல் பொருத்தாதீர்கள். உங்கள் மரம் ஆண்டில் எத்தனை முறை தளிர்க்கிறது என்று முதலில் கவனித்துக் குறித்துவாருங்கள்.

இந்தியாவுக்கு மரம் கொண்டுவருவது எளிதல்ல. தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை, 2003இன்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் நலச்சான்றிதழும் வேண்டும். மண்ணோடு வரும் செடிக்குத் தடை இருக்கிறது. வேரைக் கழுவி அனுப்புவது முதிர்ந்த பைனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை வேர்மண் மேலேயே விளக்கிவிட்டார். அந்தக் கட்டுப்பாடு தேவையானதென்றே நான் கருதுகிறேன். வட அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நூற்புழு ஜப்பானின் பைன் காடுகளை எப்படி அழித்தது என்பதைப் பாருங்கள். 1905இல் நாகசாக்கியில் பதிவான அந்த வாடல் நோய்க்குக் காரணம் நூற்புழு என்று 1971இல்தான் கண்டறியப்பட்டது. நீளக்கொம்பு வண்டு ஒன்று இளங்கிளைகளைத் தின்னும்போது அந்தப் புழு மரத்துக்குள் நுழைகிறது. அதன்பின் கோடையில் சில வாரங்களுக்குள் மரம் முழுவதும் செம்பழுப்பாகிவிடும். அந்த நிலைக்கு வந்த மரத்துக்கு மருந்தில்லை.

ஊசியிலை

செம்பழுப்பு என்றதும் ஓர் ஐயம் எழுகிறது. என் ஐந்திலைப் பைனில் உள்பக்கத்து இலைகள் சில மஞ்சளாகியிருக்கின்றன. கரும்பைனில் சில இலைகளின் நடுவே பழுப்புப் பட்டைகள் தெரிகின்றன. இவை அந்த நோயின் அறிகுறிகளா? கிளைகளை வளைத்து வடிவமைக்கக் கம்பி கட்டுவதற்கு உரிய காலத்தையும் சொல்லிவிட்டால் இந்த ஆண்டுக்கான என் கேள்விகள் முடிந்துவிடும்.

வேர்மண்

வாடல் நோய் இப்படித் தொடங்குவதில்லை. அது கிளை கிளையாக, பிறகு மரம் முழுவதுமாக நிறம் மாற்றும். உள்பக்கத்தில் மட்டும், கிளையின் அடியை ஒட்டிய பழைய இலைகள் மஞ்சளாவது பைனுக்கு இயல்பு. பெரும்பாலும் அது இலையுதிர்காலத்தில் நடக்கும். ஜூனிலேயே தெரிகிறதென்றால், மண் நீண்ட நேரம் ஈரமாக இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் சோதிப்பேன். இந்த ஆண்டின் புது இலையும் மஞ்சளானால் உடனே இங்கே எழுதுங்கள்.

கரும்பைனில் உள்ள பழுப்புப் பட்டை பூஞ்சையால் வரும் இலைக்கருகலாக இருக்கலாம். பட்டை விழுந்த இலைகளை உலர்ந்த நாளில் பறித்து, தொட்டியின் மேல் உதிர்ந்து கிடப்பவற்றையும் பொறுக்கி, தோட்டத்தில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, மரங்களுக்கு இடையே காற்றுப் போக இடம் விடுங்கள். பரவுவதாகத் தெரிந்தால் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியைக் குறிப்புத்தாளில் உள்ள அளவில் தெளிக்கலாம். குளிர்காலத்தில், மரம் உறங்கும்போது, சுண்ணாம்புக் கந்தகக் கரைசலை நன்கு நீர்த்துத் தெளிப்பது ஜப்பானியத் தோட்டங்களில் வழக்கம்.

செம்புக்கம்பி

கம்பிக்கு இலையுதிர்காலக் கடைசியும் குளிர்காலமும் ஏற்றவை. நவம்பர், டிசம்பரில் கரும்பைனின் பழைய இலைகளைப் பறிக்கும்போது கிளையின் எலும்பு தெளிவாகத் தெரியும்; அதே மூச்சில் கம்பி கட்டுவது எளிது. இந்த முறை உங்கள் மரத்தில் இலையைக் கொஞ்சமாகவே பறியுங்கள். உச்சியில் உள்ள பழைய இலைகளைக் குறைத்து, கீழ்க்கிளைகளில் நோயுற்றவற்றை மட்டும் நீக்கினால் போதும். ஒரு நுனியில் இரண்டுக்கு மேற்பட்ட மொட்டுகள் இருந்தால், பக்கவாட்டில் இருக்கும் இரண்டை விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஆனால் நலிந்த நுனிகளில் எல்லாவற்றையும் விட்டுவையுங்கள்.

நெருப்பில் வாட்டி மென்மையாக்கிய செம்புக் கம்பி பைனுக்கு உகந்தது. இலைச் சோடிகள் கம்பிக்கு அடியில் சிக்காமல் சுற்ற வேண்டும். ஏப்ரலில் கிளை பருக்கத் தொடங்கும்போதிலிருந்து வாரந்தோறும் பாருங்கள்; கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் சுற்றிப் பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட்டு, வேண்டுமானால் அடுத்த குளிரில் மீண்டும் கட்டுங்கள். பனி விழுந்தாலும் இரண்டு மரங்களும் வெளியிலேயே இருக்கட்டும். சைதாமாவின் குளிரை அவை தாங்கும், வறண்ட காற்று நேராக அடிக்காத இடமாக இருந்தால் போதும். மே மாத இறுதியில் கரும்பைனின் கீழ்க்கிளைக் குருத்துகள் எவ்வளவு நீண்டிருக்கின்றன என்பதைப் படம் எடுத்து இங்கே இடுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எதை வெட்டுவது, எதை விடுவது என்று கிளை கிளையாகப் பேசுவோம்.